துணைக்கு ஒரு கல்

மூன்று பேராகப் போகக் கூடாது என்று அண்ணி சொன்னதிலிருந்து எதை எண்ணி வைத்தாலும் எனக்கு ஒன்று குறைகிறது. துண்டு மூன்று, பிரஷ் மூன்று, காதை மூடுகிற குல்லா மூன்று. கட்டிலில் பரப்பிவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுப்பை அணைக்காமல் வெளியூர் கிளம்பியவளுக்கு வருமே, அந்த மாதிரி ஒரு பரபரப்பு கையில். நாளைக் காலையில் கிளம்ப வேண்டும். திருச்சியில் கத்திரி வெயில், மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, காற்றாடி அனலைத்தான் சுழற்றுகிறது, நான் இங்கே உட்கார்ந்து கம்பளிக் குல்லா மடித்துக்கொண்டிருக்கிறேன். கொடைக்கானல். ஏரியில் படகு, ஏரியைச் சுற்றிச் சைக்கிள், காட்டுக்குள் நடை, ஒரு ராத்திரி கூடாரத்தில் தூக்கம். எல்லாம் அவர் போட்ட திட்டம். அவர் என்றால் ஜெகதீசன், என்னைக் கட்டிக்கொண்டவர். நல்ல மனிதர், இழுத்த இழுப்புக்கு வருவார் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டார். அறை, கூடாரம், வழியில் எங்கே டிபன் என்பது வரை முடித்துவிட்டார். எனக்கு விட்டது பெட்டி கட்டுவது மட்டும். அதையும் நிம்மதியாகக் கட்டவிடாமல் அவருடைய அக்கா சாப்பிட்ட கையோடு போன் பண்ணினார். "யார் யாரும்மா போறீங்க?" "நாங்கதான் அண்ணி. அவரு, மிருது, நான்." "மூணு பேரா?" என்று இழுத்தார். "மூணு பேரா ஒரு எடத்துக்குக் கிளம்பக் கூடாதும்மா. அதுவும் மலைக்கு. ஒரு கல்லை எடுத்துப் பையில போட்டுக்க. கல்லையும் சேத்து நாலு பேருன்னு வச்சுக்க. நம்ம வீட்ல எப்பவும் அப்படித்தான்." எனக்கும் தெரிந்த வழக்கம்தான். பெண் பார்க்க மூன்று பேர் போனால் நாலாவதாகக் கல் போகும். என்னைப் பார்க்க வந்தபோது அவர், அண்ணி, அண்ணியின் கணவர் என்று மூன்று பேர்தான் வந்தார்கள். அப்படியானால் அன்றைக்கும் யாருடைய பையிலாவது ஒரு கல் இருந்திருக்கும். எங்கள் வீட்டுச் சோபாவில் அவர்களோடு உட்கார்ந்து, நான் காபித் தட்டோடு வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை.

நான் பயந்தவள் இல்லை. இதை முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன். ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்துகிற வேலை எனக்கு. விடிந்தால் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் கைகளில் நரம்பு தேடுகிறவள். பல்லியைத் துடைப்பத்தால் விரட்டாமல் கையால் பிடித்து வெளியே விடுகிறவள். அப்படிப்பட்டவள், அண்ணி போனை வைத்ததும், இந்தக் காலத்திலும் இப்படியா என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டாமா. நேராக ஹாலுக்குப் போனேன். மிருதுளா தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "வெளியில போய் ஒரு கல்லு எடுத்துட்டு வர்றியாம்மா, சின்னதா?" "எதுக்கு சித்தி?" "மூணு பேரா போகக் கூடாதாம், அத்தை சொன்னாங்க. கல்லுதான் நாலாவது ஆளாம்." "மூணு பேரா?" என்றாள், அண்ணி இழுத்த அதே இழுப்பு. பிறகு, "சரி சித்தி" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அவள் எப்போதும் சரி சித்திதான். அவருடைய பெண், மூத்த தாரம் ஹேமலதா பெற்றுவிட்டுப் போன பெண். அம்மா இறந்தபோது அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், இப்போது நாலாவது முடித்துவிட்டாள். நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தட்டைக் கழுவி வைப்பாள், ஜடை பின்னினால் தேங்க்ஸ் சித்தி, காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை கொடுத்தால் அதற்கும் ஒரு தேங்க்ஸ் சித்தி. ஒரு நாளாவது அடம் பிடித்து, தட்டைத் தள்ளி, நீ யாரு என்னைக் கேக்க என்று கத்தினால் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். நான் சோபாவில் உட்கார்ந்தால் அவள் தரைக்குப் போய்விடுவாள். நான் தரைக்கு வந்தால் அவளுக்குத் தாகம் எடுக்கும், எழுந்து போய்விடுவாள். வெறுப்பு இல்லை, வெறுப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஊசியோடு கிட்டே போகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா. இது வேறு. விருந்தாளிக்கு இடம் விடுகிற மாதிரி எனக்கு இடம் விடுகிறாள். மலைக்குப் போகலாமா என்று அவர் கேட்டதும் நான் குதித்ததற்குக் காரணம் ஏரியும் இல்லை, படகும் இல்லை. அந்தக் குளிரில் அவள் ஒரு தடவையாவது தானாக வந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள மாட்டாளா என்றுதான். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். குளிரை நம்பிப் பயணம் போகிறேன், என் பிழைப்பு அப்படி இருக்கிறது.

போனவள் இன்னும் வரவில்லை. கேட்டைத் திறந்த சத்தம் கேட்டது, மூடின சத்தம் கேட்கவில்லை. எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள், ஜல்லி மலையாகக் கொட்டிக் கிடக்கிறது, ஒரு கல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை வெயில், ஆள் இல்லை, நாய்கூட இல்லை. எடுக்கச் சொன்னதே தப்போ. கல் சும்மா கல்லாகவே இருக்கும் என்று எப்படிச் சொல்வது. அப்பா இறந்தபோது காவிரிக் கரையில் கல் ஊன்றினார்கள். அதுவரை ஆற்று மணலில் கிடந்த ஏதோ ஒரு கல். ஐயர் அதற்கு அப்பா பேரைச் சொன்னார், அதன் பிறகு அது அப்பா. எண்ணெய் வைத்தோம், தண்ணீர் ஊற்றினோம், சோறு வைத்தோம். அம்மா அந்தக் கல்லிடம், உங்களுக்கு உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க என்று சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, ரத்த அழுத்தக்காரருக்கு உப்பு குறைவாகத்தானே போட வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றியது. காரியம் முடிந்ததும் தம்பி அதை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். ஆக, ஆள் இல்லாத இடத்தில் ஆளாக நிற்பதற்குக் கல்லுக்குப் பழக்கம் உண்டு. அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டோம், கூப்பிட்டவர் வந்தார். இங்கே பேரே சொல்லாமல் நாலாவது ஆள் என்று மட்டும் சொல்லி ஓர் ஆள் அளவுக்கு இடம் ஒதுக்குகிறோம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தால், அந்த இடத்துக்கு உரியவர் எப்படியாவது கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார். துண்டு போட்டது நான். வந்து சேரப்போவது யார் என்பதுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய்தான், தெரிகிறது, அந்தப் பேரை மனசுக்குள்ளே சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

வேலையைப் பார்ப்போம். பரணிலிருந்து அவர் காலையில் இறக்கிக் கொடுத்த பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. "ஸ்வெட்டர் எல்லாம் இதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மார்கழியில்கூடக் காற்றாடி போட்டுக்கொண்டு தூங்குகிற இந்த ஊரில் யாரிடம் ஸ்வெட்டர் இருக்கும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். திறந்து பார்த்தேன். மூன்று. சாம்பல் நிறத்தில் ஒன்று அவருக்கு. ரோஸ் நிறத்தில் ஒன்று, சின்னக் குழந்தைக்கு, இப்போது மிருதுவுக்குப் போட்டால் கை முழங்கையோடு நின்றுவிடும். மூன்றாவது நீலம். கழுத்தில் கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் சொன்னது ஞாபகம் வந்தது, ஹேமாவும் அவரும் குழந்தையும் ஒரு கோடையில் கொடைக்கானல் போக எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்களாம். கிளம்ப இருந்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு ரத்தத்தில் ஏதோ என்றார்கள், மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும் மூன்று பேர்தானே. அப்போது கல் எடுத்து வைத்தார்களா. அண்ணி சொல்லியிருப்பார், சொல்லாமல் விடுகிற ஆளா அவர், அப்படியென்றால் அந்தக் கல் இன்னும் இந்தப் பெட்டியிலேயே இருக்குமோ என்று பெட்டியின் ஓரத்தில் இருந்த துணிப்பைக்குள் கையை விட்டேன். உருண்டையாக, வழவழவென்று விரலில் பட்டது. கல்லேதான். வெளியே எடுத்தால் பாச்சை உருண்டை, பாதி கரைந்துபோய் மாத்திரை அளவில் இருந்தது. சிரிப்பு வந்தது, ஆனாலும் துணிப்பையை உதறி வேறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே பட்டப்பகல், ஒரு நிழல்கூட இல்லை, அரள்வதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா.

நீல ஸ்வெட்டரைத் தொடாமல் இருந்திருக்கலாம். தொட்டேன். கைப் பகுதி ஒல்லியாக இருந்தது. எனக்கு முகம் நினைவில் நிற்காது, கைதான் நிற்கும். சந்தையில் யாராவது நலமா என்று கேட்டால் முழிப்பேன், அவர் புடவையை விலக்கிக் காய்கறிப் பையைத் தூக்கும்போது, ஓ, இடது கையில் நரம்பு நழுவுகிற அம்மா என்று தெரிந்துவிடும். ஹேமாவின் காய்ச்சல் காலத்தில் நான் வேலை பார்த்த லேப் இந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்த மழைக்காலத்தில் வாரா வாரம் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் நிறையப் பேர். அவளும் வந்திருப்பாள். வேறு எங்கே போயிருப்பாள். அவளுடைய கையை நான் பிடித்திருப்பேன், ரப்பர் பட்டையைக் கட்டி, கையை இறுக்கி மூடிக்கங்க, அவ்வளவுதான், ஒண்ணும் இல்ல என்று சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வேன். அப்போது அவள் என் முகத்தைப் பார்த்திருப்பாள், ஊசி குத்தும்போது பாதிப் பேர் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், இவள் யார், எப்படிப்பட்டவள் என்று எடை போடுகிற மாதிரி. ஆக என்னை அவளுக்குத் தெரியும், அவளை எனக்குத் தெரியாது. அவரிடம் எந்த லேபில் எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் அவள் தோள் வரைக்கும்தான் இருக்கிறாள், கை இல்லை. கை இருந்திருந்தால் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்தக் கம்பளிக்குள் எவ்வளவு பருமன் போகும், மணிக்கட்டு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் என் கையை நுழைத்துப் பார்த்தேன், வேறு எண்ணம் இல்லை. அளவு எனக்கென்றே எடுத்த மாதிரி இருந்தது. உள்ளே சில்லென்று இருந்தது. பரணில், ஓட்டுக்குக் கீழே, இந்த வெயிலில் கிடந்த துணி சுடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, குளிரலாமா. சட்டென்று கையை உருவிக்கொண்டேன், உள்ளே எதுவும் பிடித்து நிறுத்தவில்லை, அப்படிப் பிடித்தது போல் இருந்தது என் நினைப்புத்தான், நூல் நகத்தில் மாட்டியிருக்கும்.

அவருக்குப் போன் பண்ணினேன். குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. "என்ன வளர், பெட்டி கட்டியாச்சா?" என்றார். பின்னால் கடைச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், உலகம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. "ரூம் எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன், இதைக் கேட்கத்தான் பண்ணினேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "நாலு பேர் ரூம்தான் கிடைச்சுது. கூடாரமும் நாலு பேர் படுக்கறதுதான். மூணு பேருக்குன்னு எதுவும் கிடையாதாம். ஏன்?" "சும்மாதான். அப்பப் போறதா இருந்த எடமாங்க இது?" பின்னால் கேட்ட சிரிப்பு தள்ளிப் போனது, கடைக்கு வெளியே வந்துவிட்டார் போல. "அதே எடம் இல்ல. அதுக்குப் பக்கத்துல. எந்திரிச்சா ஏரி தெரியணும்னு ஹேமா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "மிருதுவுக்குப் பிடிக்கும்ல, அதான்" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. வேறொருத்தி ஆசைப்பட்டுப் போட்ட பயணம், அவள் எழுந்து பார்க்க நினைத்த ஏரி, அவள் எடுத்த ஸ்வெட்டர், அவள் பெற்ற பெண். இதில் நான் எந்த இடத்தில் வருகிறேன். அவளும் அவரும் குழந்தையும் மூன்று பேர், அண்ணி சொன்ன கணக்குப்படி துணைக்கு ஒன்று வேண்டும், பையில் போட்டுக்கொண்டு போகிற ஒன்று. இந்த யோசனை வந்ததும் எழுந்து நின்றேன். போதும். கொடைக்கானலுக்கு வருஷா வருஷம் ஊரே போய் வருகிறது, பஜ்ஜி தின்றுவிட்டுக் குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் யோசனை நிற்கிறதா. வத்தலக்குண்டு தாண்டிக் கார் மலை ஏறும், வளைவுக்கு வளைவு மேகம் குறுக்கே வரும், கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரி கூடாரத்தின் ஜிப்பை உள்ளேயிருந்து இழுத்து மூடுவோம், விளக்கை அணைப்போம், இருட்டில் பக்கத்தில் படுத்திருப்பவர்கள் மூச்சு விடுவது கேட்கும். என் மூச்சை விட்டுவிட்டு எண்ணினால் இரண்டு கேட்க வேண்டும். நான் எண்ணாமல் தூங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். என்னால் அது முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

கேட் மூடுகிற சத்தம் கேட்டது. செருப்பை உதறினாள், தண்ணீர்ப் பானை மூடியைத் தள்ளினாள், குடித்தாள், மிருது அறை வாசலுக்கு வந்தாள். முகம் வெயிலில் வெந்து போயிருந்தது, மூக்கின் மேல் வியர்வை. இரண்டு கையும் காலி. "கல்லு கிடைக்கலையாம்மா?" "நெறையக் கிடக்கு சித்தி. ஒண்ணு எடுத்தேன், அப்புறம் வேணாம்னு அங்கயே போட்டுட்டேன்." "அத்தை கேப்பாங்களே." "நாம நாலு பேருதானே சித்தி. கல்லையும் எடுத்துட்டுப் போனா அஞ்சாயிடும்ல?" கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற குரல். அவள் ஹால் படத்தைத் திரும்பிப் பார்த்திருந்தால், குரலைத் தாழ்த்தியிருந்தால், கண் கலங்கியிருந்தால், பாவம் குழந்தை ஏங்குகிறது என்று அணைத்துக்கொண்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வதைப் போல. மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன். "கார்ல எப்படி உக்காரலாம் மிருது?" அவள் யோசிக்கவே இல்லை. "அப்பா ஓட்டுவாங்க. முன்னாடி அம்மா. பின்னாடி நானும் நீங்களும்." மலைப் பாதையில் பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குடலைப் புரட்டும், முன்சீட்டு எனக்கு வேண்டும் என்று அவரிடம் முந்தாநாளே சொல்லி வைத்திருந்தேன். அது வாய் வரை வந்தது. அதற்குள் அவள், "உங்களுக்கு ஜன்னல் பக்கம். எனக்குத் தூக்கம் வந்தா உங்க மேல சாஞ்சுக்கறேன், பரவால்லியா?" என்றாள். கேட்டுக்கொண்டே வந்து குல்லாக்களைத் தள்ளிவிட்டு, கட்டிலில், என் பக்கத்தில், இடுப்போடு இடுப்பு இடிக்க உட்கார்ந்தாள். வெயில் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் அடித்தது. இரண்டு வருஷமாக என் பக்கத்தில் வந்தாலே தாகம் எடுத்துக்கொண்டிருந்த பெண், இன்றைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டே வந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அது வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்ட பிறகு பயத்துக்கு ஓரமாகத்தான் இடம் கிடைத்தது. "பரவால்லம்மா" என்றேன்.

போன் அடித்தது. அண்ணிதான். "கல்லு எடுத்தாச்சாம்மா? மறந்துடாத, நான் ஞாபகப்படுத்தலாம்னுதான் கூப்பிட்டேன்." எடுத்தாச்சு அண்ணி என்று ஒரு பொய் சொன்னால் எல்லாருக்கும் நல்லது. அல்லது உண்மையாகவே எழுந்து போய் எதிர் மனையில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று பேர், ஒரு கல், அவ்வளவுதான் என்று மலை ஏறலாம். மிருது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது, சூடாக, பிசுபிசுப்பாக. நான் எழுந்தால் அது விலகிவிடும். "கல்லு வேணாம் அண்ணி" என்றேன். "நாங்க நாலு பேரு போறோம்." அண்ணி மெதுவாக, "யாரும்மா நாலாவது?" என்று கேட்டார். மிருது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஹேமாக்கா வர்றாங்க அண்ணி" என்றேன்.